பூங்கா மரங்களுக்கு ஒரு டேட்டாபேஸ்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய சிடி இருக்கிறது. 2009-ஆம் வருடம் சித்தப்பா கல்யாணத்தின்போது டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்கள். பந்தலுக்குப் பின்னால், தெருமுனையில் ஒரு பெரிய மரம் நிற்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது அந்த மரம் வேரோடு சாய்ந்தது. மாவட்டம் முழுவதும் முந்திரியும் பலாவும் விழுந்து கிடந்த நேரம். ஒரு தெருமுனை மரத்தை யார் கணக்கில் எடுப்பார்கள்? சில நாட்களில் அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள்.

அதே இடத்தில் அதே மரத்தை மறுபடியும் வைக்கலாம் என்று தெருக்காரர்கள் சிலர் சமீபத்தில் முடிவு செய்தோம். ஆனால் அது என்ன மரம்? "புன்னைடா அது, எனக்குத் தெரியாதா?" என்கிறார் பெரியப்பா. அம்மா புங்கன் என்கிறார். எதிர்வீட்டு மாமா பூவரசு என்று சத்தியம் செய்யாத குறை. சரி, சிடியைப் பார்த்துவிடலாம் என்று போட்டுப் பார்த்தேன். எல்லாப் படத்தின் மூலையிலும் 01.01.2005 என்று இருக்கிறது. கேமராவில் தேதியை யாரும் செட் செய்யவே இல்லை. மரத்தின் இலை ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. சித்தப்பாவின் கோட்டில் உள்ள பட்டன்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன.

இதே நிலை இன்றைக்கு இருக்கும் மரங்களுக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் எங்கள் வீட்டுக்கு அருகில், மஞ்சக்குப்பம் பக்கம் உள்ள ஒரு சிறிய பூங்காவைப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். செலவு எதுவும் இல்லை. கேமரா உள்ள ஒரு போன், வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், இன்டர்நெட் இணைப்பு போதும். நீங்களும் உங்கள் ஊர்ப் பூங்காவில் இதைச் செய்யலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் போனைச் சரி செய்யுங்கள்

டிஜிட்டல் படம் ஒவ்வொன்றுக்குள்ளும் 'எக்ஸிஃப்' என்ற தகவல் பகுதி இருக்கும். படம் எடுத்த தேதி, நேரம், கேமராவின் மாடல் ஆகியவை அதில் பதிவாகும். ஜிபிஎஸ் உள்ள போன் என்றால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் பதிவாகும். ஆனால் இடத்தைப் பதிவு செய்யும் வசதி பல போன்களில் நாம் 'ஆன்' செய்தால்தான் வேலை செய்யும். ஆண்ட்ராய்டு போனில் கேமராவைத் திறந்து, அதன் செட்டிங்ஸ் பகுதியில் 'லொகேஷன் டேக்ஸ்' அல்லது 'சேவ் லொகேஷன்' என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'லொகேஷன் சர்வீசஸ்' வழியாகப் போய் 'கேமரா'வுக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

சரியாகப் பதிவாகிறதா என்று சோதித்துவிடுங்கள். ஒரு படம் எடுத்து, கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். விண்டோசில் அந்த ஃபைல் மீது மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' தேர்வு செய்தால் வரும் விண்டோவில் 'டீடெயில்ஸ்' டேபைப் பாருங்கள். 'டேட் டேக்கன்' என்ற வரியும், கீழே ஜிபிஎஸ் என்ற பகுதியும் இருக்க வேண்டும். 'டேட் மாடிஃபைட்' என்பதை நம்பாதீர்கள். அது படம் எடுத்த தேதியைத்தான் காட்டும் என்று நிச்சயமில்லை.

ஏன் கேபிள் என்று கேட்கிறீர்களா? நான் முதல் வாரம் படங்களை வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பி, கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்துகொண்டேன். அறுபது படம். ஒன்றில்கூடத் தேதியும் இல்லை, இடமும் இல்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவைச் சுருக்குவதோடு எக்ஸிஃப் தகவலையும் நீக்கிவிடும். நண்பர்களிடமிருந்து படம் வாங்கும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், தகவல் அப்படியே வரும். சித்தப்பா கல்யாண கேமராவைக் கிண்டல் செய்தவன் அதே தப்பைச் செய்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மரத்துக்கு நான்கு படம்

மரத்தை முழுதாகத் தூரத்திலிருந்து ஒரே ஒரு படம் எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. அடையாளம் காண அதனால் அதிகப் பயன் இல்லை. முழு மரம் ஒன்று, இலை குச்சியில் எப்படி ஒட்டியிருக்கிறது என்று தெரியும்படி கிட்டத்தில் ஒன்று, பூ அல்லது காய் ஒன்று, பட்டை ஒன்று. பூ இல்லாத மாதத்தில் மற்ற மூன்றை எடுத்துவிட்டு, பூக்கும்போது மறுபடி போங்கள்.

எங்கள் தெருச் சண்டையையே எடுத்துக்கொள்வோம். புன்னை இலை கெட்டியாக, பளபளவென்று இருக்கும். நடு நரம்பிலிருந்து மெல்லிய நரம்புகள் நெருக்கமாக, கோடு போட்ட நோட்டு போல ஓடும். இலைகள் எதிரெதிராக இருக்கும். புங்கன் கூட்டிலை, அதாவது ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் இருக்கும். பூவரசு இலை தனித்தனியாக, அரச இலையைப் போல இதய வடிவில் இருக்கும். ஆக, ஒரே ஒரு இலை கிட்டத்தில் எடுத்திருந்தால் பெரியப்பா, அம்மா, எதிர்வீட்டு மாமா மூவரில் யார் சரி என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றுதல்

படங்களுக்குப் பெயர் கண்டுபிடிக்கவும், பாதுகாப்பாக வைக்கவும் நான் பயன்படுத்துவது ஐநேச்சுரலிஸ்ட் என்ற இலவச இணையதளம். 2008-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் ப்ராஜெக்டாகத் தொடங்கியது. இன்று உலகம் முழுவதிலிருந்தும் பதிவுகள் வருகின்றன. போன் அப்ளிகேஷனும் உண்டு. ஆனால் நிறையப் படங்கள் இருந்தால் கம்ப்யூட்டரில் செய்வதே சுலபம்.

தளத்தில் அக்கவுன்ட் தொடங்கி 'அப்லோடு' பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ஃபோல்டரிலிருந்து படங்களை மவுஸால் இழுத்து விண்டோவில் போட்டால் ஒவ்வொரு படமும் ஒரு கட்டமாக வரும். தேதியும் இடமும் எக்ஸிஃபிலிருந்து தானாகவே நிரம்பியிருக்கும். ஒரே மரத்தின் நான்கு படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்துப் போட்டால் ஒரே பதிவாகச் சேர்ந்துவிடும். இதைச் செய்யாமல் விட்டால் ஒரு வேப்பமரம் நான்கு மரமாகக் கணக்காகும்.

பெயர்க் கட்டத்தில் கிளிக் செய்தவுடன் கம்ப்யூட்டரே சில பெயர்களைப் பரிந்துரைக்கும். ஏற்கனவே பெயர் உறுதியான படங்களை வைத்துப் பயிற்சி கொடுத்த சாஃப்ட்வேர் இது. முதலில் வரும் பெயரை அப்படியே கிளிக் செய்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. குல்மொகர் மரத்துக்கும் இயல்வாகைக்கும் இலை கிட்டத்தட்ட ஒன்றுபோல, இறகு இறகாக இருக்கும். பூ இல்லாமல் இலையை மட்டும் தூரத்திலிருந்து எடுத்தால் சாஃப்ட்வேர் குழம்பும். சிவப்புப் பூவா, மஞ்சள் பூவா என்பதைப் பார்த்த நமக்குக் குழப்பமே இல்லை. சந்தேகம் இருந்தால் இனத்தின் பெயர் வேண்டாம். பேரினம் அல்லது குடும்பம் என்ற அளவில் நிறுத்திவிடுங்கள். மற்ற உறுப்பினர்கள் பார்த்துச் சரியான பெயரைச் சொல்வார்கள். குறைந்தது இரண்டு பேர் பெயரில் ஒத்துப்போய், பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உடன்பட்டால் பதிவு 'ரிசர்ச் கிரேடு' ஆகும்.

நட்டதா? நம்முடையதா?

பூங்காவைப் பொறுத்தவரை முக்கியமான இடம் இதுதான். அப்லோடு விண்டோவில் 'கேப்டிவ்/கல்டிவேட்டட்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. மனிதர் நட்டு வளர்த்த செடி என்றால் அதில் டிக் செய்ய வேண்டும். அப்படிச் செய்த பதிவு ரிசர்ச் கிரேடு ஆகாது, 'கேஷுவல்' என்ற பிரிவுக்குப் போகும். "கஷ்டப்பட்டு எடுத்த படம் வீணாகிறதே" என்று நானும் முதலில் டிக் செய்யாமல் விட்டேன். யாரோ ஒருவர் பொறுமையாக ஒவ்வொன்றிலும் வந்து, இது நட்ட மரம்தானே என்று கேட்டிருந்தார். பாத்தி கட்டி, செங்கல் சுற்றி வைத்திருப்பது படத்திலேயே தெரிந்தது.

நான் குழப்பிக்கொண்டது இரண்டு தனித்தனிக் கேள்விகளை. நட்டதா, தானாக வந்ததா என்பது ஒன்று. இந்த மண்ணுக்கு உரியதா, வெளியிலிருந்து வந்ததா என்பது மற்றொன்று. பூங்காவில் உள்ள புங்கன் நட்டது, ஆனால் நம் நாட்டு மரம். நடைபாதை ஓரத்தில் யாரும் நடாமல் பூத்துக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டு தானாக வந்தது, ஆனால் அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். நிழலுக்குப் பெயர்போன தூங்குமூஞ்சி மரமும் அங்கிருந்து வந்ததுதான். குல்மொகரும் நித்தியகல்யாணியும் மடகாஸ்கர். நித்தியகல்யாணி நம்முடையது இல்லை என்றதும் அம்மா இரண்டு நாள் என்னை நம்பவில்லை.

இது தெரிந்த பிறகு பூங்காவைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. நட்ட மரங்களைவிட அவற்றில் தானாக வந்து சேர்ந்தவைதான் சுவாரசியம். மதில் ஓரத்தில் ஓர் எருக்கஞ்செடி இருக்கிறது, பூங்காவைச் சுத்தம் செய்பவர்கள் எப்படியோ விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் இலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட கம்பளிப்புழு இல்லாத புழு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கின் பாலில் உள்ள நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் இதைத் தின்னத் தயங்கும். விலை கொடுத்து நட்ட குரோட்டன்ஸ் வரிசையில் இப்படி ஒன்றையும் நான் இதுவரை பார்க்கவில்லை. எருக்கும் பதிவானது, புழுவும் பதிவானது. இரண்டுக்கும் டிக் தேவைப்படவில்லை.

தில்லையைத் தேடி

சிதம்பரத்தில் நான்கு வருடம் படித்தேன். அந்த ஊருக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. நடராஜர் கோயிலின் தலமரம் அது. ஒரு காலத்தில் தில்லைக் காடாக இருந்த இடம் என்பார்கள். ஊருக்குள் தெருவில் தேடினால் பெயர்ப்பலகைகளில்தான் தில்லை இருக்கிறது. மரத்தைப் பார்க்க கிழக்கே பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். 2022-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அலையாத்திக் காடு. பெரியவர்களுக்கு 1975-ல் வந்த 'இதயக்கனி' படம் எடுத்த இடம் என்றால் உடனே புரியும்.

படகில் போய்த்தான் பதிவு செய்தேன். ஐநேச்சுரலிஸ்ட்டில் தில்லையின் பெயர் எக்ஸோகேரியா அகல்லோச்சா. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. உதிரும் முன் இலைகள் சிவப்பாக மாறும். ஆனால் எச்சரிக்கை: இலையைக் கிள்ளினால் வரும் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும். ஆங்கிலத்தில் இதற்குக் கண்ணைக் குருடாக்கும் மரம் என்றே பெயர். பால் வருகிறதா என்று கிள்ளிப் பார்ப்பது செடிகளை அடையாளம் காண நம் வழக்கம். பெயர் உறுதியாகாத எதையும் கிள்ளவும் வேண்டாம், சாஃப்ட்வேர் சொன்னது என்று வாயில் வைக்கவும் வேண்டாம்.

இன்னொன்றும் அங்கே கற்றுக்கொண்டேன். பிச்சாவரத்தில் சுரபுன்னை என்று படகுக்காரர்கள் காட்டுவது ரைசோஃபோரா என்ற, தண்ணீருக்குள் முட்டுக்கொடுத்த மாதிரி வேர் இறக்கும் மரம். கடற்கரை ஊர்களில் உள்ள புன்னைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஊர்ப்பெயர் ஊருக்கு ஊர் மாறும். அதனால் பட்டியலில் அறிவியல் பெயருக்கு ஒரு கட்டம், நம் ஊரில் சொல்லும் பெயருக்கு ஒரு கட்டம் என இரண்டுமே வேண்டும்.

பறவைகளுக்கு

மரம் நின்று போஸ் கொடுக்கும். பறவை கொடுக்காது. அதற்கு கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகத்தின் 'மெர்லின்' அப்ளிகேஷன் உதவும். இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொண்டால் பூங்காவில் இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும். 2021-ல் வந்த 'சவுண்ட் ஐடி' வசதியில் போனைக் காட்டினால் கேட்கும் குரலுக்குப் பெயர் சொல்கிறது. பாத்திரக் கடையில் தட்டுவது போல 'டொக் டொக்' என்று விடாமல் வந்த சத்தம் செம்மார்புக் குக்குறுவான் என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதன் பிறகு மரத்தில் தேடிப் பார்த்து உறுதி செய்தேன். கண்ணால் பார்க்காததைப் பட்டியலில் சேர்க்க நான் யோசிப்பேன். கரிச்சான் மற்ற பறவைகளைப் போலவே கத்திக் காட்டும்.

பார்த்ததை 'ஈபேர்ட்' தளத்தில் பட்டியலாக ஏற்றுங்கள். கால் மணி நேரம் நின்றாலும் போதும், ஆனால் அடையாளம் தெரிந்த அத்தனையையும் எழுத வேண்டும். காக்கை, மைனாவைக்கூட விடக்கூடாது. முழுப் பட்டியலாக இருந்தால்தான் ஒரு பறவை 'அன்று அங்கே தென்படவில்லை' என்பதும் ஒரு தகவலாகும். தனியாகச் செய்ய அலுப்பாக இருந்தால் ஜனவரியில் தமிழகம் முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். 2015-லிருந்து நடக்கிறது. 2025 பொங்கலுக்கு எங்கள் வீட்டில் கரும்போடு பைனாகுலரும் மொட்டை மாடிக்கு ஏறியது.

ஒரு ஜாக்கிரதை. வீட்டுத் தோட்டத்தில் எடுத்த படத்தை ஐநேச்சுரலிஸ்ட்டில் அப்படியே ஏற்றினால் உங்கள் வீடு எங்கே என்று உலகத்துக்கே தெரியும். 'ஜியோபிரைவசி' என்ற இடத்தில் 'அப்ஸ்கியூர்ட்' தேர்வு செய்தால் சரியான இடத்தை மறைத்து, சுமார் 22 கிலோமீட்டர் பக்க அளவுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஓரிடத்தைக் காட்டும். ஆந்தைப் பொந்து, குஞ்சு உள்ள கூடு ஆகியவற்றுக்கும் இதையே செய்யுங்கள்.

எக்செலில் தமிழ் உடையாமல் இருக்க

எல்லாவற்றையும் வேறொருவர் தளத்தில் மட்டும் வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது. உங்களிடமும் ஒரு காப்பி இருக்கட்டும். ஐநேச்சுரலிஸ்ட்டில் 'எக்ஸ்போர்ட்' பக்கத்துக்குப் போய், உங்கள் பெயரில் உள்ள பதிவுகளை சிஎஸ்வி ஃபைலாக டவுன்லோட் செய்யலாம். நான் குறிப்புக் கட்டத்தில் தமிழில் எழுதியிருந்தேன். ஃபைலை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறந்ததும், தலையில் கொம்பும் தொப்பியும் வைத்த ரோமன் எழுத்துகளாக வந்தது. டாம், டாப், டிஸ்கி என்று எழுத்துருக்களோடு மல்லுக்கட்டிய பழைய வாசகர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

ஃபைல் கெடவில்லை. யூனிகோடு என்று எக்செலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள். காலி ஒர்க்புக் ஒன்றைத் திறந்து 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' தேர்வு செய்து, ஃபைலைக் காட்டுங்கள். வரும் விண்டோவில் 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூனிகோடு யூடிஎஃப்-8 என்பதைத் தேர்வு செய்தால் தமிழ் சரியாக வரும். லிப்ரே ஆஃபீஸ் கால்க் பயன்படுத்துபவர்களுக்கு ஃபைலைத் திறக்கும்போதே 'கேரக்டர் செட்' கேட்கும், அங்கே யூடிஎஃப்-8 கொடுங்கள்.

இதில் ஊர்ப்பெயர், நட்டதா தானாக வந்ததா, நாட்டுச் செடியா வெளிநாட்டுச் செடியா என்று மூன்று காலம்களைச் சேர்த்துக்கொண்டேன். சேவ் செய்யும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையையே தேர்வு செய்யுங்கள். ஃபைல் பெயரில் வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் எழுதினால் ஃபோல்டரில் கால வரிசைப்படி தானாக அடுக்கி நிற்கும். பென் டிரைவில் ஒரு காப்பி, கூகுள் டிரைவில் ஒரு காப்பி.

மேப்பில் பார்க்க ஆசையா? கூகுள் 'மை மேப்ஸ்' பக்கத்தில் புதிய மேப் தொடங்கி 'இம்போர்ட்' கொடுத்து இதே சிஎஸ்வி ஃபைலை ஏற்றுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை காலம்கள் எவை என்று கேட்கும். காட்டினால் மரங்கள் புள்ளிகளாக வந்து நிற்கும். ஒரு லேயருக்கு 2000 வரிகள் வரை ஏற்கும், ஒரு பூங்காவுக்குத் தாராளம். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டுவதால் என் பட்டியலில் ஒரு வேப்பமரம் நடுரோட்டில் நின்றது. புள்ளியை மவுஸால் இழுத்துப் பூங்காவுக்குள் வைத்தேன்.

சித்தப்பா கல்யாணப் படத்தையும் ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றினேன். முகங்களை வெட்டிவிட்டு, தேதியைக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து டைப் செய்து, இடத்தை மேப்பில் குறித்தேன். ஒருவர் வந்து 'பூக்கும் தாவரம்' என்ற அளவில் பெயர் கொடுத்துவிட்டு, இலை தெரியும் வேறு படம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று பதில் எழுதினேன்.

தெருமுனையில் இப்போது புன்னைக் கன்று வைத்திருக்கிறோம். பெரியப்பா ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார். உண்மையில் அன்று நர்சரியில் இருந்தது அது ஒன்றுதான். கன்று, இலை, தண்டு என்று மூன்று படம் எடுத்தாயிற்று. பூ வர இன்னும் சில வருடம் ஆகும்.